ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு மாத வாடகையும்

பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் நினைவுநாள் என்று குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்ச் சாப்பாடு போடும் அன்பர்களுக்கு,

உங்களில் பலரை நேரில் பார்த்தவள் நான். இருபது வருடத்துக்கும் மேலாகக் குழந்தைகள் இல்லங்களிலும் அவற்றுக்கு வெளியே குடும்பங்களோடும் சமூகப் பணியாளராக வேலை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேனில் வந்து நிற்கும் பிரியாணி அண்டாவை இறக்க நானும் கை கொடுத்திருக்கிறேன். உங்களைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. தன் பிள்ளை கேக் வெட்டும் நாளில் முன்பின் தெரியாத பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று நினைப்பதற்குப் பெரிய மனசு வேண்டும். அந்த மனசை நம்பித்தான் மனதில் பல வருடமாகக் கிடப்பதை உங்களிடம் சொல்ல வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு வந்துவிட்டது, சாப்பாடு கொடுக்கும் குடும்பம் வந்து சேரவில்லை. அவர்கள் வந்த பிறகுதான் பரிமாற வேண்டும் என்பது அந்த இல்லத்து வழக்கம். மணி ஒன்றரை ஆனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன் என் சேலைத் தலைப்பை இழுத்துக் கேட்டான்: "மிஸ், இன்னைக்கு யாரு பேரு சொல்லணும்?"

'ஹேப்பி பர்த்டே' பாட்டின் நடுவில் ஒரு பெயர் வருமே, அதைக் கேட்கிறான். போன வாரம் ஒரு பெயர், அதற்கு முந்தின வாரம் வேறொரு பெயர். சொன்னேன். கணீரென்று பாடினான், கை தட்டினான், கேக் வாங்கித் தின்றான். பிறகு தட்டு கழுவும் குழாயடியில் என்னிடம் வந்து நின்றான். "மிஸ், என் பர்த்டே என்னைக்கு?"

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 1 என்று இருந்தது. சரியான தேதி கையில் இல்லாதபோது பள்ளியில் சேர்ப்பதற்காக எழுதிவிடும் தேதி அது. அந்த ஒரு இல்லத்தில் மட்டும் ஜூன் 1-ல் பிறந்ததாகப் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதன் பிறகுதான் வருகிறது. அந்தப் பையன் அநாதை இல்லை. அவனுக்கு அம்மா இருந்தார்.

நாம் இன்னமும் பேச்சுவழக்கில் 'அநாதை ஆசிரமம்' என்றே சொல்கிறோம். உள்ளே இருக்கும் பிள்ளைகளில் தாயும் தகப்பனும் இரண்டு பேருமே இல்லாதவர்கள் சொற்பம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ, இல்லையென்றால் ஒரு பாட்டியோ சித்தியோ இருக்கிறார்கள். இதை நாடே கண்ணால் பார்த்த ஒரு சமயம் உண்டு. 2020-ல் பொதுமுடக்கம் வந்தபோது நாடு முழுக்க இந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகள் 2,27,518 பேர். அவர்களில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டுவிட்டதாக அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. போவதற்கு ஒரு வீடு இருந்ததால்தானே அனுப்ப முடிந்தது? அப்படியானால் அந்த வீட்டை விட்டு அவர்கள் ஏன் வந்தார்கள்?

அந்தப் பையனின் கதையைச் சொன்னால் பதில் கிடைக்கும். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவன் அப்பா லோடுமேன். லாரியிலிருந்து மூட்டை சரிந்து விழுந்து இறந்துபோனார். அம்மா நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை. குடியிருந்தது லைன் வீட்டில் ஒற்றை அறை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் பையனை அறைக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். ஒரு ராத்திரி அவன் பயந்து அலறி, அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்திருக்கிறார்கள். "ஹோம்ல விட்டுரும்மா, சாப்பாடு, படிப்பு எல்லாம் ஃப்ரீ" என்று ஒருவர் சொன்னார். ஜூனில் அம்மா கொண்டுவந்து விட்டார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பார்வை நாள். இரண்டு பஸ் மாறி, ஒரு பொட்டலம் முறுக்கோடு வருவார். அன்றைக்கு ஷிஃப்ட் விழுந்துவிட்டால் அந்த மாதம் கிடையாது.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் போட்ட கோடுகளைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு கோடு. பையனை நிற்க வைத்து உயரம் பார்த்திருக்கிறார்கள். கடைசிக் கோடு ஜூன் மாதத்தோடு நின்றுபோயிருந்தது. "இப்ப எம்புட்டு இருக்கான் மேடம்?" என்று அந்த அம்மா தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் கேட்டார். இது பிள்ளை வேண்டாம் என்று கைகழுவிய வீடு இல்லை. பிள்ளையை வைத்துக்கொள்ள வழி தெரியாமல் போன வீடு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழிலின் முதல் பாடம்.

சமூகப் பணி என்றால் சேவை மனப்பான்மை என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். மனப்பான்மை மட்டும் போதாது. அது கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. 1936-லேயே மும்பையில் இதற்காக ஒரு கல்விக்கூடம் வந்துவிட்டது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். இன்று நாம் அழைக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் 1996-ல் அங்கிருந்துதான் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். வீட்டு விசிட் போனால் எதைப் பார்ப்பது, எதைக் கேட்காமல் விடுவது, குடித்திருக்கும் தகப்பனிடம் எப்போது பேசுவது, எப்போது எழுந்து வந்துவிடுவது, பிள்ளை வாய் திறக்காதபோது அதன் உடம்பு என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றும் கற்றுக்கொள்ள வேண்டியது.

அந்த அம்மாவுக்கு நான் செய்ததைச் சொன்னால் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். அவர் பெயர் மாமியார் வீட்டு ரேஷன் கார்டில் கிடந்தது. அதைப் பிரித்துத் தனிக் கார்டு வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்ததே இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். மூன்று முறை போய்த் திரும்பி வந்தவர் நான்காம் முறை போகவில்லை. நான் கூடப் போனேன். மில்லில் சூப்பர்வைசரைப் பார்த்துப் பகல் ஷிஃப்ட் கேட்டேன். நான்கு முறை நடந்த பிறகு சரி என்றார். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மாவின் பெரியம்மா ஒருவர் கிராமத்தில் தனியாக இருந்தார். வரச் சம்மதித்தார். ஆனால் ஒற்றை அறையில் மூன்று பேர் எப்படிப் படுப்பது? அதே தெருவில் சமையல்கட்டோடு கூடிய வீடு ஒன்று காலியாக இருந்தது. வாடகை 1,200 ரூபாய் அதிகம்.

எல்லாம் கூடி வர ஏழு மாதம் ஆனது. கடைசிவரை இழுத்தது அந்த 1,200 ரூபாய்.

அந்த இல்லத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அப்போது 6,000 ரூபாய் கட்டணம். அந்த ஆண்டில் பெரும்பாலான ஞாயிறுகள் முன்கூட்டியே பதிவாகிவிட்டன. தீபாவளி வாரத்தில் ஒரே நாளில் இரண்டு குடும்பங்கள் இனிப்போடு வந்தார்கள்; பிள்ளைகளால் தின்ன முடியவில்லை. ஒரு மதியச் சாப்பாட்டுப் பணம் அந்த வீட்டுக்கு ஐந்து மாத வாடகை வித்தியாசம். ஆனால் அப்படி ஒரு வீட்டுக்கு வாடகை கட்டலாம் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டது நாங்கள்தான்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இத்தனை வருட அனுபவத்தில் அதோடு ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: ஊரார் பிள்ளை வளர வேண்டும் என்றால் முதலில் அந்த ஊராரைத் தாங்க வேண்டும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கை என்கிறது. ஒரு பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினால் குடும்பத்தின் நிலையை நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எழுதுவது ஒரு சமூகப் பணியாளரின் பேனா. 'தாயார் ஏழை, பராமரிக்க இயலாதவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கரிக்கோட்டையும் பார்த்து எழுதலாம். இரண்டாவதற்கு நேரமும் பயிற்சியும் வேண்டும்.

அந்த நேரம்தான் எங்களிடம் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விதிப்படி இரண்டு சமூகப் பணியாளர்கள், இரண்டு களப்பணியாளர்கள். அதிகாரிகளும் ஆற்றுப்படுத்துநரும் தனி. ஒரு மாவட்டத்தின் எத்தனை நூறு கிராமங்களுக்கு இந்தக் கால்கள் போய்ச் சேர முடியும்? அவர்களும் ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர்கள். நல்ல பிள்ளைகள் இரண்டு வருடம் வேலை பழகி, வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பாதியில் நிற்கும் ஃபைல்கள் அடுத்து வருபவரின் மேசையில் முதலிலிருந்து தொடங்குகின்றன.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பொதுமுடக்கத்தில் பிள்ளைகளை அவசரமாக வீட்டுக்கு அனுப்பினோம் அல்லவா, அதில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை நானே வண்டியில் அழைத்துப்போய் அவள் மாமா வீட்டில் விட்டேன். ஒரு அரிசி மூட்டை, நோட்டுப் புத்தகங்கள், என் போன் நம்பர். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கடன் எவ்வளவு, அவளைப் பற்றி அவர்களுக்கு என்ன திட்டம் என்று எதையும் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்க அன்று அவகாசம் தரப்படவில்லை என்பது உண்மை. வற்புறுத்தி நான் அவகாசம் வாங்கவில்லை என்பதும் உண்மை. நான்கு மாதம் கழித்துப் போனபோது அவள் கழுத்தில் தாலி இருந்தது. "மிஸ், உங்க நம்பர் எழுதின நோட்ட மாமா எடுத்து வச்சுக்கிட்டாரு" என்றாள்.

திருப்பி அனுப்புவது வேறு, சேர்த்து வைப்பது வேறு என்று அன்று தெரிந்துகொண்டேன். முன்னதற்கு ஒரு வண்டி போதும். பின்னதற்கு ஒரு ஆள் வேண்டும்: போகும் முன் நாலு முறை, போன பிறகு பத்து முறை அந்த வீட்டுப் படியேறி, தண்ணீர் வாங்கிக் குடித்து, பள்ளிக்குப் போகிறாளா, ராத்திரி எங்கே படுக்கிறாள் என்று விசாரிக்கும் ஆள். வீட்டுக்குப் போன பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆள்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இல்லங்களை இழுத்துப் பூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றவனே பாழாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக் கரண்டியால் சூடு வாங்கிய கையைப் பிடித்து மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லம்தான் உயிர். 1930-களில் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் அவ்வை இல்லத்தை வளர்த்தபோது, வேறு எந்தக் கதவும் திறக்காத பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்தது. அப்படிப்பட்ட கதவு இன்றும் வேண்டும். வறுமை ஒன்றைத் தவிர வேறு குற்றம் செய்யாத வீட்டின் பிள்ளை அந்தக் கதவுக்கு வர நேரக் கூடாது என்பதே என் வழக்கு.

குடும்பத்தை விட்டுப் பிரிந்தால் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-த்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவும் பாசப் பிணைப்பும் தேறின. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். சோறு இரண்டு இடத்திலும் இருந்தது. அழுதால் அதே முகம் திரும்பத் திரும்ப வருவது குடும்பத்தில்தான் கிடைத்தது. நம் இல்லங்களில் ஆயாம்மாக்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் ஷிஃப்ட் முடிந்தால் அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் போக வேண்டியவர்கள்தானே.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பணம் கட்டப் போகும்போது நிர்வாகியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா? இங்கே சமூகப் பணியாளர் இருக்கிறாரா, அவர் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறாரா? போன வருடம் எத்தனை பிள்ளைகள் தங்கள் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்? நல்ல இல்லத்தின் நிர்வாகி இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார். பிள்ளைகள் குறைவது எங்களுக்குத் தோல்வி இல்லை, அதுதான் வெற்றி என்று உங்களிடம் சொல்ல அவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

சாப்பாட்டுப் பணத்தில் ஒரு பங்கை வீடுகளுக்குத் திருப்புங்கள். பிள்ளை குடும்பத்திலேயே வளர்வதற்காக 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கும் பதினெட்டு வயதுவரை மாதம் 2,000 ரூபாய். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும், உங்கள் கடைப் பையனின் அக்காவுக்கும் இது தெரியுமா? தெரிந்தாலும் மனு எழுத, சான்றிதழ் வாங்க, கூட ஒருவர் போகிறாரா? நீங்கள் போகலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரில் போய், தனியார் நன்கொடையாளராக ஒரு பிள்ளைக்கு நிதி ஆதரவு தர முடியுமா என்றும் கேளுங்கள். திட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. உங்களில் நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு சமூகப் பணியாளரின் சம்பளத்தை உங்கள் ஊர் இல்லத்துக்குக் கொடுக்கலாம். அந்த ஒரு ஆள் வருடத்தில் எத்தனை படியேறுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதித்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். உங்கள் ஸ்டேட்டஸில் தட்டோடு நிற்கும் அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஊர்ப் பள்ளியில் உங்கள் பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டியவன்.

உங்கள் தெருவிலும் ஒரு கண் வையுங்கள். பூட்டிய அறைக்குள் ஒரு பிள்ளை அழுதால், "ஹோம்ல விட்டுரும்மா" என்று சொல்வதற்கு முன், "ராத்திரி எங்க வீட்ல படுத்துக்கட்டும்மா" என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். எங்கள் தொழில் வருவதற்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான். அடி, சூடு, கல்யாண ஏற்பாடு என்று கண்ணில் பட்டால் மட்டும் தயங்காமல் 1098-க்கு அழையுங்கள். அது பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டிய இடம்.

பையன் வீட்டுக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவன் போன இரண்டாம் வாரம் பார்க்கப் போனேன். சுவரில் புதிதாக ஒரு கரிக்கோடு. பழைய கோட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்தில். பெரியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஃபைலில் இருந்த ஜூன் 1 ஞாபகத்துக்கு வந்தது. இவன் எப்போது பிறந்தான் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இல்லத்தில் சேர்த்த அன்று யாருமே அவரிடம் கேட்கவில்லை.

"தீபாவளிக்கு மறுநாள் மேடம். விடியக்காலம். அப்படி மழை. ஆட்டோ கிடைக்கல. இவங்க அப்பா மூட்டை தள்ற வண்டில என்னைய உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கிட்டுப் போனாரு. மேல ஒரு தார்ப்பாய்."

பையன் அம்மாவின் மடியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அதை முதல் முறை கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "பச்சைத் தார்ப்பாய்" என்று எனக்குத் திருத்திச் சொன்னான்.

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் அவன் வீட்டில் கேக் இல்லை. அவன் பெயரைச் சொல்ல யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்புடன்,
ஒரு சமூகப் பணியாளர்